முடக்குவாதமும் திபெத்திய மூலிகையும்

காலையில் எழுந்ததும் இரு கைகளின் விரல் மூட்டுகளும் வீங்கி, ஒரு மணித்தியாலம் கடந்தும் மடங்க மறுக்கின்றன. தேநீர்க் கோப்பையைப் பிடிப்பதே பெரும்பாடு. மண்வெட்டியின் கதை வேறு. முடக்குவாதம் இப்படித்தான் தொடங்குகிறது. வயது போய் மூட்டுத் தேய்வதால் வரும் நோ அல்ல இது. உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே வழிதவறி மூட்டின் உட்சவ்வைத் தாக்குகிறது. ஆண்களைவிடப் பெண்களையே இரண்டு மூன்று மடங்கு அதிகமாகப் பிடிக்கிறது.

இதற்குத் திபெத்திய மூலிகை வைத்தியம் கைகொடுக்குமா? ஓர் எல்லை வரை கொடுக்கும் என்பதே எமது கருத்து.

'சோவா ரிக்பா' எனப்படும் அவ்வைத்தியம் எமக்கு அந்நியமானதன்று. எமது வாதம், பித்தம், கபத்துக்கு நெருங்கியவற்றையே அவர்கள் லுங், திரிபா, பெக்கன் என்கின்றனர். வைத்தியர் நாடி பிடிப்பார். சிறுநீரைக் கலக்கி நிறமும் நுரையும் பார்ப்பார். முதலில் உணவைத் திருத்துவார். பின்பு குளிரிலும் ஈரத்திலும் இராதபடி பழக்கத்தைத் திருத்துவார். அதன் பின்னரே மருந்து. அம்மருந்துகள் பலவற்றில், எமது பரியாரிமார் திரிபலா என்று இடிக்கும் அதே கடுக்காயும் தான்றியும் நெல்லியும் உண்டு. மூட்டு நோவுக்கு மூலிகை அவித்த வெந்நீர்க் குளிப்பும் உண்டு. அதற்கான ஐந்து மூலிகைகளில் ஒன்று, நுவரெலியாப் பக்கம் சிவப்பாய்ப் பூக்கும் ரொடோடென்ட்ரோனின் இனம். 'லும்' எனும் இக்குளிப்பை யுனெஸ்கோ 2018 இல் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 1959 இல் லாசாவின் சக்போரி வைத்தியக் கல்லூரி அழிந்தது. மலை கடந்து ஓடியவர்கள் 1961 இலேயே இந்தியாவின் தர்மசாலாவில் தமது வைத்திய நிலையத்தை மீண்டும் தொடங்கிவிட்டார்கள். ஊரைவிட்டு இடம்பெயர்ந்து இரண்டே வருடத்தில்!

ஆயினும் எல்லையை மறைக்கமாட்டோம். நோவும் விறைப்பும் தணியலாம். ஆனால் மூட்டெலும்பு அரிக்கப்படுவதை இம்மூலிகைகள் நிறுத்துகின்றன என்பதற்குப் பெரிய ஆய்வுகளின் சான்று இல்லை. அரித்துப்போன எலும்பு திரும்பி வராது. அதைத் தடுக்கும் மெத்தோட்ரெக்சேற் போன்ற குளிசைகளை முதல் மாதங்களிலேயே தொடங்கவேண்டும். மூலிகையை நம்பி அந்த மாதங்களை இழப்பது பெருந்தவறு. (மெத்தோட்ரெக்சேற் வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே. நாள்தோறும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. கர்ப்பிணிகளுக்கு ஆகவே ஆகாது.)

திபெத்தியரின் விலையுயர்ந்த உருண்டைகள் சிலவற்றில் சுத்திசெய்த பாதரசம் சேர்வதுண்டு. அதை நாம் பரிந்துரைக்கமாட்டோம். மூலிகைதானே, என்ன செய்யும் என்று எண்ணவும் வேண்டாம். ஈரலைத் தாக்கும் மூலிகைகளும் உள, மெத்தோட்ரெக்சேற்றும் ஈரலைத் தாக்கக்கூடியதே. எமது நாட்டு மருந்துக்கும் இதே எச்சரிக்கைதான். கிளினிக்குக்குப் போகும்போது சூரணப் பொட்டலத்தையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். பரியாரியிடம் குளிசை அட்டையைக் காட்டுங்கள். என்ன சேர்ந்திருக்கிறது என்று சொல்லமறுப்பவரின் மருந்தை நாமென்றால் வாங்கமாட்டோம்.