வாக்குச்சீட்டுக்கு இன்னும் ஆறே ஆண்டுகள்



"சின்னப் பிள்ளைகளுக்கு எதற்குத் தேர்தல் பாடம்? வயது வந்தால் தாமே தெரிந்து கொள்வார்கள்." பெற்றோரிடம் மட்டுமன்று, ஆசிரியர் அறையிலும் அடிக்கடி காதில் விழும் கருத்து இது. இக்கருத்தோடு எனக்கு உடன்பாடு இல்லை.

முன்பு நம் நாட்டில் வாக்களிக்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். தேர்தல் ஆணையத்தில் தாமே பதிந்து கொள்ளவும் வேண்டும். 2019 ஜூலையில் நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்ட அரசியலமைப்புத் திருத்தம் அவ்வயதை 18-ஆகக் குறைத்தது. தானாகவே பெயர் பதிவாகும் முறையையும் கொண்டு வந்தது. 2021 டிசம்பர் 15-இல் அது நடப்புக்கு வந்தது. 2022 நவம்பர் 19-இல் நடந்த 15-ஆவது பொதுத்தேர்தலில் 18 வயது இளையோரும் வரிசையில் நின்றனர். ஆக, இன்று ஆறாம் ஆண்டில் பயிலும் 12 வயது மாணவன் இன்னும் ஆறே ஆண்டுகளில் வாக்காளன் ஆகிறான். விண்ணப்பமும் இல்லை, தேர்வும் இல்லை. அவன் நம்மிடம் பயின்ற ஆண்டுகளும் ஆறு, எஞ்சியிருப்பதும் ஆறு.

நம் இனத்தாருக்கு இதில் கூடுதல் அக்கறை வேண்டும். மலாயாவின் முதல் கூட்டரசுத் தேர்தல் 1955 ஜூலை 27-இல், 52 இடங்களுக்கு நடைபெற்றது. அன்றைய வாக்காளர்களுள் ஏறத்தாழ 84 விழுக்காட்டினர் மலாய்க்காரர்கள். தோட்டங்களில் பால்மரம் வெட்டிய நம்மவருள் பெரும்பாலோர்க்குக் குடியுரிமையே இல்லை. ஆகவே வாக்கும் இல்லை. இன்றும் சிவப்பு அடையாள அட்டையோடு வாழும் முதியவர்கள் நம்மிடையே உள்ளனர். அவர்தம் பேரப்பிள்ளைகள் நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கின்றனர். பாட்டிக்கு வாய்க்காத உரிமை தனக்குக் கேளாமலே வருகிறது என்பதை அப்பிள்ளை அறிய வேண்டாமா?

வகுப்பறையில் கட்சிக்கு இடமில்லை. எந்தக் கொடி நல்லது, எந்தச் சின்னம் தீயது என்று ஆசிரியர் வாய் திறக்கலாகாது. இதில் எனக்கு இரு வேறு கருத்தில்லை. ஆனால், கட்சியைத் தவிர்க்க எண்ணித் தேர்தலையே தவிர்த்து விடுகிறோம். அதுதான் வருத்தம்.

வகுப்புத் தலைவரை எவ்வாறு தேர்ந்தெடுக்கிறோம்? ஒன்று, ஆசிரியரே ஒருவரை அமர்த்துகிறார். அல்லது, "கை உயர்த்துங்கள்" என்கிறார். கை உயர்த்தும் வேளையில் பிள்ளைகளின் கண்களைக் கவனியுங்கள். வேட்பாளரை அவர்கள் பார்ப்பதில்லை. பக்கத்தில் இருக்கும் நண்பனின் கையைப் பார்க்கின்றனர். பிறகு ஆசிரியரின் முகத்தைப் பார்க்கின்றனர். பாதி உயர்ந்த கை கீழே இறங்குவதும் உண்டு. அஞ்சி அளிக்கும் வாக்கை நாமே பழக்கப்படுத்துகிறோம். வாக்கு ஏன் மறைவாக அளிக்கப்படுகிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் உண்டோ?

என் வகுப்பில் நான் பின்பற்றும் முறை இது:

1. வகுப்பின் பெயர்ப்பட்டியலே வாக்காளர் பட்டியல். பெயரை உரக்கப் படித்து, அடிக்கோல் வைத்துக் கோடிட்ட பின்னரே சீட்டு வழங்கப்படும்.

2. ஒரு மூலையில் அட்டைத் தடுப்பு. ஒரு காலணிப் பெட்டி. இடக்கைச் சுட்டுவிரலில் பேனா மையால் ஒரு புள்ளி. பொதுத்தேர்தலில் அழியா மை முதன்முதலாக 2013-இல் பயன்படுத்தப்பட்டதையும், ஒருவர் இருமுறை வாக்களிப்பதைத் தடுக்கவே அது இடப்படுகிறது என்பதையும் அப்போது சொல்வேன்.

3. வேட்பாளர் தம் வாக்குறுதிகளைத் தாளில் எழுதித் தர வேண்டும். "எல்லாருக்கும் மிட்டாய் வாங்கித் தருவேன்" என்று எவனாவது எழுதுவான். வகுப்பு சிரிக்கும். "மிட்டாய்க்காக அளித்த வாக்கை நாளை திரும்பக் கேட்க முடியுமா?" என்று வினவுவேன். சிரிப்பு அடங்கி, விவாதம் தொடங்கும்.

4. வேட்பாளர்களின் கண்ணெதிரே எண்ணிக்கை. செல்லாத சீட்டு ஏன் செல்லவில்லை என்று அனைவருக்கும் காட்டப்படும்.

5. தோற்றவர் வென்றவரின் கையைக் குலுக்க வேண்டும். மூன்று மாதம் கழித்து வாக்குறுதித் தாள் வகுப்பில் மீண்டும் படிக்கப்படும்.

இவற்றுள் கடினமானது ஐந்தாவது. தோற்ற பிள்ளையின் கண் கலங்கும். உனக்கு வாக்களிக்காதவன் உன் பகைவன் அல்லன் என்று 12 வயதில் உணர்ந்தவன், பின்னாளில் தோல்வியைக் கண்டு வன்மம் கொள்ள மாட்டான் என்பது என் நம்பிக்கை. வென்றவனுக்கும் பாடம் உண்டு: தனக்கு வாக்களிக்காதவர்க்கும் அவனே தலைவன்.

"பாடத்திட்டத்தை முடிக்கவே நேரமில்லை" என்பார் சிலர். வாக்குறுதி உரை தமிழ்மொழிப் பாடத்தின் பேச்சுப் பயிற்சி. எண்ணிக்கை கணிதத்தின் விழுக்காடு. இரண்டு பாடவேளைகள் போதும்.

பொதுத்தேர்தல் நாளில் நம் பள்ளிகளே வாக்களிப்பு மையங்கள் ஆகின்றன. நம் வகுப்பறைகளில்தான் பெட்டிகள் வைக்கப்படுகின்றன. அந்நாளில் அவ்வறைக்குத் திரும்பி வரும் நம் பழைய மாணவனுக்கு, என்ன செய்ய வேண்டும் என்பதோடு ஏன் செய்ய வேண்டும் என்பதும் தெரிந்திருக்கட்டும். ஆசிரிய நண்பர்களே, அடுத்த பள்ளியாண்டின் முதல் வாரத்தில் ஒரு காலணிப் பெட்டியைத் தேடி எடுங்கள்.