ஊர்முறியைத் திருத்துவார் யார்?

காஞ்சிக்குத் தெற்கே உத்திரமேரூர் என்னும் பேரூர் ஒன்றுண்டு. அவ்வூரில் வைகுண்டப் பெருமாள் கோயில் என இக்கால் வழங்கும் மண்டபத்தின் கற்சுவரில், ஆயிரத்து நூறாண்டுகட்கு முன்னர் அவ்வூரவை தன்னைத் தானே ஆண்டுகொள்ளும் முறையை எழுதி வைத்தது. முதற் பராந்தகச் சோழனின் பன்னிரண்டாம் ஆட்சியாண்டாகிய கி.பி. 919-இல் ஒரு கல்வெட்டு. பதினான்காம் ஆட்சியாண்டாகிய 921-இல் மற்றொரு கல்வெட்டு. பள்ளிப் பொத்தகங்கள் இவ்விரண்டையும் ஒன்றாகக் குழைத்துக் 'குடவோலை முறை' என்று நான்கு வரியில் முடித்துவிடும். மாணவர் அந்நான்கு வரியையும் உருவேற்றி, மதிப்பெண் பெற்று, மறந்துவிடுவர். ஓர் ஊருக்கு இரண்டு கல்வெட்டு எற்றுக்கு என்று கேட்கும் ஆசிரியரும் அரியர். கேட்கும் மாணவரும் அரியர்.

அக் கேள்விதான் இன்றைக்கு வேண்டுவது. எழுதப்பெற்ற ஆவணத்தை முறி என்பது பழந்தமிழ் வழக்கு. ஆகலின், ஓர் ஊர் தன் ஆட்சிக்கென எழுதிக்கொண்ட ஆவணத்தை ஊர்முறி என்னலாம். 919-இல் எழுதியது ஊர்முறி. 921-இல் எழுதியது அவ்வூர்முறியின் திருத்தம். கல்லிலே வெட்டியாயிற்று, இனி மாற்றலாகாது என்று அவ்வவை வாளாவிருக்கவில்லை. இரண்டே ஆண்டில் குறை கண்டது. கண்ட குறையைக் கூடிப் பேசிற்று. பேசி முடித்ததை அதே சுவரில், அனைவரும் காண வெட்டுவித்தது.

முதல் முறி கூறுவது இது. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிந்திருந்தது. குடும்பு என்பது இன்றைய வார்டு எனக் கொள்க. அப்படியொரு தமிழ்ச்சொல் கல்லிலே இருக்க, அயற்சொல்லை நாவில் சுமந்து திரிகின்றோர் தமிழரே. குடும்புதோறும் தகுதியுடையார் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒன்றும் அறியாச் சிறுவனைக்கொண்டு ஒன்றை எடுப்பித்து, குடும்புக்கு ஒருவராக முப்பதின்மரைக் கொள்ளவேண்டும். அவருள் பன்னிருவர் ஆட்டை வாரியம் (கல்வெட்டு இதனை வடமொழியாற் சம்வத்சர வாரியம் என்னும்). பன்னிருவர் தோட்ட வாரியம். அறுவர் ஏரி வாரியம். இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உடைமை, தன் மனையில் தான் கட்டிய வீடு, முப்பதுக்கு மேல் அறுபதுக்குள் அகவை, மறைநூற் பயிற்சி, தூய ஒழுக்கம் ஆகியவை தகுதிகள். முந்தைய மூன்றாண்டில் வாரியம் செய்தவர் மீண்டும் வரலாகாது.

இரண்டாவது முறி இவற்றுட் சிலவற்றை மாற்றிற்று. அகவை முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் என்றாயிற்று. கல்வி மிக்கவர்க்கு அரைக்கால் வேலி நிலமே போதும் எனத் தளர்த்தப்பட்டது. இவை சிறு மாற்றங்கள். பெரிய மாற்றம் ஓலை எடுக்கும் முறையிலே நேர்ந்தது. முதல் முறி அதனை ஒரு தொடரில் கூறிக் கடந்தது. இரண்டாவது முறியோ ஒவ்வோர் அடியையும் அளந்து வைக்கிறது. இளையோரும் முதியோரும் அடங்க ஊரவை நிறையக் கூடவேண்டும். அன்று ஊரிலிருந்த கோயில் நம்பிமார் ஒருவரும் ஒழியாமல் மண்டபத்தினுள் அமரவேண்டும். அவருள் முதியவர் ஒருவர் குடத்தைத் தூக்கி அனைவர்க்கும் காட்டவேண்டும். உள்ளிருப்பது இன்னதென அறியாச் சிறுவன் அதிலிருந்து ஒரு குடும்பின் ஓலைக்கட்டை எடுக்க, அவ்வோலைகளை வேறொரு குடத்தில் இட்டுக் குலைத்து, அதிலிருந்து அவனே ஓர் ஓலையை எடுத்து நடுவன் கையிற் கொடுக்கவேண்டும். நடுவன் அதனை ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையிலே ஏற்கவேண்டும். ஏற்றுப் பெயரை உரக்கப் படிக்கவேண்டும். அவன் படித்ததை மண்டபத்திலிருந்த நம்பிமார் எல்லாரும் வாங்கிப் படிக்கவேண்டும். அதன் பின்னரே அப் பெயர் செல்லும்.

ஐந்து விரலையும் ஏன் விரிக்க வேண்டும்? மடக்கிய விரலுக்குள் வேறோர் ஓலை மறைந்திருத்தல் கூடும். எல்லாரும் ஏன் படிக்க வேண்டும்? படிப்பவன் நாவில் எழுதாத பெயர் பிறத்தல் கூடும். குடத்தை ஏன் தூக்கிக் காட்ட வேண்டும் என்பதற்கு விடை சொல்லவும் வேண்டுமோ? அவ்விரண்டாண்டில் உத்திரமேரூரில் நிகழ்ந்தது இன்னதெனக் கல்வெட்டு வாய்திறந்து கூறவில்லை. எனினும் புதுப் பூட்டைக் கண்டால் பழைய கள்வனை உய்த்துணரலாம். தீயோர் கெடவும் நல்லோர் தழைக்கவும் இவ்வொழுங்கு செய்யப்பட்டது என்று அவ்வவையே முடிவில் எழுதி வைத்துள்ளமையும் அதனையே சுட்டும்.

இன்னும் இரண்டு விதிகள் கருதத்தக்கன. ஆட்டை வாரியத்தின் காலம் முந்நூற்றறுபது நாள். அதற்குள் வாரியம் செய்வானிடம் குற்றம் கண்டால், கண்டபொழுதே அவனை நீக்கிவிடலாம். ஆண்டு முடியட்டும் எனக் காத்திருக்க வேண்டுவதின்று. வாரியம் செய்து கணக்குக் காட்டாது போனவனும், அவனுக்கு நெருங்கிய உறவினரும் குடவோலைக்கே உரியரல்லர். அவ்வுறவினர் பட்டியல் தாயின் உடன்பிறந்தார் மக்கள், மாமன், மாமனார், மருமகன் என நீள்கிறது. தான் விலகிக்கொண்டு மைத்துனனை நிறுத்தும் சூழ்ச்சி அன்றே அறிந்திருந்தனர் போலும்! கணக்கெழுதுவான் தான் எழுதிய கணக்கைத் தானே பெருங்குறிக்கு முன் காட்டவேண்டும். பிறனொரு கணக்கன் புகுந்து அதனை முடித்தல் கூடாது.

இவ்வளவும் கூறியபின் மற்றொன்றை மறைத்தல் நேர்மையன்று. அவ்வூர் அக்காலத்துச் சதுர்வேதி மங்கலம். பார்ப்பனர்க்கெனக் கொடையாக அமைந்த ஊர். அச்சபையில் உழுதவனுக்கு இடமில்லை, பறையனுக்கும் பள்ளனுக்கும் இடமில்லை, பெண்ணுக்கு இடமில்லை. மறை ஓதத் தெரியாதவன் ஏரியைப் பற்றிப் பேசலாகாது என்பது, மடை திறந்தும் கரை கட்டியும் அவ்வேரியைக் காத்த கைகளுக்குச் செய்த கொடுமை. இதனை 'உலகின் முதற் குடியரசு' என மேடைதோறும் முழங்குவோர் அச்சுவரை முழுதும் படித்தவர் ஆகார். குடத்தில் ஓலையிட்டு எடுக்கும் வழக்கமோ அப் பார்ப்பனச் சபைக்கு உரிய கண்டுபிடிப்பும் அன்று. கயிற்றால் கட்டிப் பொறியிட்ட குழிசியைத் திறந்து ஓலை எடுக்கும் ஆவண மாக்களை, அகநானூற்று 77-ஆம் பாட்டில் மருதன் இளநாகனார் உவமை கூறுகின்றார். வழக்கம் தமிழருடையது, வேலி மட்டுமே பிற்காலத்தது. அரசன் ஓலையும் வந்தது, அரசன் ஆள் உடனிருந்தான் என்பதையும் கல்வெட்டு ஒளிக்கவில்லை. 919-இல் தத்தனூர் மூவேந்த வேளானும், 921-இல் சோமாசிப் பெருமான் என்பானும் அமர்ந்திருந்தனர்.

வேலியைப் பிடுங்கி எறிக. எஞ்சியிருப்பதை எண்ணிப் பார்க்க. முடியரசன் ஆண்ட காலத்திலே, அவன் ஓலை வந்த பின்னரும், ஊர்முறியின் திருத்தம் ஊரிலே நிகழ்ந்தது. 'சபையோம் செய்தோம்' என்னும் தன்மைப் பன்மையில் அது எழுதப்பட்டது. எழுதியவன் காடாடிப்போத்தன் சிவக்குறி இராசமல்ல மங்கலப்பிரியன் எனத் தன் பெயரையும் வெட்டி வைத்தான். திருத்தம் எந்நாளில் வந்தது, யார் செய்தார், யார் எழுதினார், எது மாறிற்று என்ற நான்கிற்கும் விடை அச்சுவரிலேயே உண்டு.

இக்காலத்துப் பேரூராட்சி ஒன்றில் நின்று இந்நான்கையும் கேட்டுப் பார்க்க. விடை கூறுவார் இலர்.

2004-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுப் பேரூராட்சிகளுள் 561 ஓர் ஆணையால் சிறப்புச் சிற்றூராட்சிகளாக மாற்றப்பட்டன. 2006-இல் மற்றோர் ஆணையால் அவை மீண்டும் பேரூராட்சிகளாயின. இங்கும் இரண்டே ஆண்டு! உத்திரமேரூரிலே குறை கண்டது அவை, திருத்தியது அவை. இங்கே ஊர் தூங்கி எழுவதற்குள் சிற்றூராயிற்று. மறுபடி தூங்கி எழுவதற்குள் பேரூராயிற்று. நடுவண் அரசின் ஊரகப் பணம் வரும் என்பது முதல் மாற்றத்திற்குக் கூறப்பட்ட காரணம். காரணம் நல்லதாகவே இருக்கட்டும். அதனை ஊரார் முன் வைத்து ஒப்புக்கேட்டதுண்டா என்பதே கேள்வி.

பெயர்ப்பலகை மாற்றந்தானே என்று எளிதாகக் கருதுவாரும் உளர். அன்று. சிற்றூராட்சிக்குக் கிராம சபை உண்டு. வாக்காளர் எல்லாரும் அதன் உறுப்பினர். வரவு செலவை எழுந்து நின்று கேட்கும் உரிமை சட்டத்தால் அவர்க்கு உண்டு. ஊர் பேரூரானால் அச்சபை அற்றுப்போகிறது. நகரங்கட்கெனப் பின்னர் வகுத்த வார்டுக் குழுவும் பகுதி சபையும் அதற்கு ஈடாகா. ஊரக ஏழைகட்கென அமைந்த வேலையுறுதித் திட்டமும் ஊரக எல்லையோடு நின்றுவிடுகிறது. வரியோ கூடும். கூலிக்குக் களையெடுக்கும் பெண்ணின் அடுப்பு வரை இம்மாற்றம் சென்று தொடும் என்க.

1993 முதல் நடப்பிலுள்ள அரசியற் சட்டத்தின் 74-ஆம் திருத்தம், எந்நிலப்பகுதி பேரூராகும் என்று முடிவு செய்யும் பொறுப்பை ஆளுநர் பெயரால் மாநில அரசிடம் வைத்துள்ளது. மக்கள்தொகை, நெருக்கம், வருவாய், உழவல்லாத தொழில் செய்வோர் விழுக்காடு, பொருளியற் சிறப்பு என அதற்குரிய அளவுகோல்கள் அங்கே எண்ணப்பட்டுள்ளன. அப் பட்டியலில் ஊரார் விருப்பம் என்னும் சொல் இல்லை. ஆட்டை நிறுக்குமுன் ஆட்டின் எடை கேட்கப்படும். ஆட்டின் கருத்து கேட்கப்படுவதில்லை.

ஊர்த்தலைவரைத் தேரும் முறையையும் காண்க. 1996-இல் பேரூராட்சித் தலைவரை மக்களே நேராகத் தேர்ந்தனர். 2006-இல் உறுப்பினர் கூடித் தேர்ந்தனர். 2011-இல் மறுபடி மக்கள் தேர்ந்தனர். 2019 நவம்பரில் அவசரச் சட்டம் ஒன்று பிறந்து, மறுபடி உறுப்பினர்க்கே அவ்வுரிமை போயிற்று. 2022-இல் அவ்வாறே நடந்தது. நேர்த் தேர்தலுக்கும் சில காரணம் உண்டு, மறைமுகத் தேர்தலுக்கும் சில காரணம் உண்டு. மக்கள் நேராகத் தேர்ந்தவரை நாலைந்து உறுப்பினர் கூடி விலைபேச இயலாது என்பதால் முன்னதே சிறந்தது. ஆனால் ஊடாடும் தீமை அதனினும் பெரிது. ஆளுங்கட்சி மாறுந்தோறும் ஊர்முறி மாறுகின்றது. முன்னைய முறையில் இன்ன குறை கண்டோம், ஆகலின் திருத்தினோம் என்று எக்கட்சியும் எந்த ஊரின் முன்னும் வந்து கணக்குக் காட்டவில்லை. கட்சிகள் இரண்டும் இதில் உடன்பிறப்புகளே.

தேர்தலே இல்லாத ஆண்டுகளை என்னென்பது? 2011-இல் வந்தவர் பதவிக்காலம் 2016-இல் முடிந்தது. அடுத்த நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்பிரவரியிலே நடந்தது. இடையில் ஐந்தாண்டுக்கு மேல் தனி அலுவலர் ஆட்சி. முந்நூற்றறுபது நாளுக்கு ஒரு நாள் மிகையாக இருத்தலாகாது என்று எழுதிய சுவர் இந்நாட்டிலேயே நிற்கிறது!

சட்டத்தின் கதையும் அத்தகையதே. ஆங்கிலேயர் காலத்து 1920-ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிச் சட்டமே நூறாண்டுக்கு மேல் நிழல் பரப்பிற்று. அதற்கு மாற்றாக 1998-இல் இயற்றிய நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டம் 2000-இல் நிறுத்தி வைக்கப்பட்டு, 2022-இல் திருத்தப்பட்டு, 2023 ஏப்பிரலிலேதான் நடைமுறைக்கு வந்தது. அதன் தமிழ்ப்படியை ஊராட்சி மன்ற வாயிலில் கேட்டுப் பெற்றோர் எத்தனை பேர்? தமிழ்ப்படி கிடைத்தாலும் இடர் நீங்கவில்லை. சட்டமன்றம் தமிழிலேயே ஒரு சட்டத்தை இயற்றினும், அதன் ஆங்கிலப் பெயர்ப்பே உறுதிமூலமாகக் கொள்ளப்படும் என்று அரசியற் சட்டத்தின் 348-ஆம் பிரிவு விதிக்கிறது. தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் 1956-இல் வந்தது, வந்தும் என்? தமிழ்ப்படிக்கும் ஆங்கிலப்படிக்கும் மாறுபாடு நேர்ந்தால் தமிழ் தோற்கும். தன் ஊரின் முறியைத் தன் மொழியில் படித்தவன், தான் படித்தது செல்லாது என வழக்குமன்றத்தில் அறிந்துகொள்ள வேண்டியவன் ஆகிறான். வடசொல் விரவிய அவ் வுத்திரமேரூர்ச் சுவர்கூட அவ்வவைக்குத் தெரிந்த மொழியிலே நின்றது. அதற்கு மேலே வேறொரு மொழியில் வேறொரு சுவர் இல்லை.

ஆகலின் தமிழ் ஊர்கள் கேட்கவேண்டுவன சிலவே. ஊரின் நிலையையோ எல்லையையோ தலைவரைத் தேரும் முறையையோ மாற்ற முனையும் எவ்வரைவும், தெளிந்த தமிழில், ஊராட்சி வாயிலில் முன்கூட்டியே ஒட்டப்பட வேண்டும். எது இருந்தது, எது மாறுகிறது, எக்குறை கண்டு மாறுகிறது என்று அருகருகே எழுதப்பட வேண்டும். வாக்காளர் அனைவரும் கூடிய ஊர்ப்பேரவையில் ஒருவர் அதனை உரக்கப் படிக்க, கை எண்ணி, எண்ணிக்கையை அங்கேயே எழுதி ஒட்டவேண்டும். தமிழ்ப்படியே உறுதிமூலம் என்று சட்டம் ஆகவேண்டும்.

அதுவரை ஊர்தோறும் உள்ள தமிழன்பர் செய்யக்கூடியது ஒன்றுண்டு. இணைப்பு, தரமுயர்த்தல், எல்லை மாற்றம் என்னும் பெயரில் அறிவிப்பொன்று வருமாயின், குறித்த நாளுக்குள் மறுப்பைத் தமிழில் எழுதி, தெருவார் கையொப்பமும் பெற்று, அலுவலகத்தில் நேரிற் கொடுத்து, நாளிட்ட ஒப்புச்சீட்டைக் கேட்டு வாங்குக. சீட்டுத் தர மறுத்தால் பதிவஞ்சலில் விடுத்து, அதன் படியை ஊர்ச் சாவடிச் சுவரில் ஒட்டுக.