டியூ பாக்கியோடு விற்ற லாரியை ஃபைனான்ஸ் தூக்கினால்... வாங்கியவரின் பணம் என்னாகும்?

திருவொற்றியூர் டோல்கேட் வழியாக எண்ணூர் பக்கம் போகிறவர்களுக்கு கன்டெய்னர் டிரெய்லர்களின் வரிசை பழகிப்போன காட்சி. துறைமுக ஓட்டத்தை நம்பி செகண்ட் ஹேண்டில் வண்டி எடுப்பவர்களுக்கு ஒரு பயம் எப்போதும் உண்டு. வண்டியோடு பழைய கடனும் சேர்ந்து வந்துவிட்டால்?

ஓர் உதாரணத்துக்கு, ஒருவர் 9 லட்சம் ரூபாய்க்கு டிரெய்லர் வாங்குகிறார். "டியூ எல்லாம் முடிஞ்சிடுச்சு, என்.ஓ.சி. அடுத்த வாரம் வந்துரும்" என்கிறார் விற்றவர். நான்கு மாதம் கழித்து ஃபைனான்ஸ் ஆட்கள் வண்டியை எடுத்துப் போகிறார்கள். முழுப் பணத்தையும் கேட்கலாமா? "நாலு மாசம் ஓட்டி சம்பாதிச்சீங்களே" என்று விற்றவர் கழிக்க முடியுமா?

11 மாதம் ஓட்டிய கார்

1954-ல் இங்கிலாந்தில் தீர்ப்பான பட்டர்வொர்த் வழக்கு கிட்டத்தட்ட இதே கதைதான். ஹையர் பர்ச்சேஸில் கார் எடுத்த ஒரு பெண், தவணை முடியும் முன்பே அதை விற்றுவிட்டார். பல கை மாறி வந்த காரை 1,275 பவுண்டுக்கு வாங்கிய பட்டர்வொர்த், 11 மாதத்துக்கும் மேல் ஓட்டினார். விஷயம் தெரிந்ததும் பணத்தைத் திருப்பிக் கேட்டார். அதற்குப் பிறகு அந்தப் பெண் பாக்கியைக் கட்டி முடித்தும்கூட, பட்டர்வொர்த்துக்கு முழு விலையும் கிடைத்தது. அவர் பணம் கொடுத்தது கார் மீதான உரிமைக்காக. அது வரவே இல்லை. சட்ட மொழியில் இதற்கு 'மறுபயன் முழுமையாகப் பொய்த்துப்போதல்' என்று பெயர். ஓட்டிய மாதங்களுக்குக் கழிவு கிடையாது.

நம்ம ஊரில்?

1930-ம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 14 இதைப் பேசுகிறது. விற்பவருக்கு விற்கும் உரிமை இருக்க வேண்டும் என்பது 'நிபந்தனை'. அது உடைந்தால் பணத்தையே திருப்பிக் கேட்கலாம். ஆனால் பொருள் மீது பிறருடைய கடன் பாரம் இல்லை என்பது வெறும் 'உறுதிமொழி'. அது உடைந்தால் நஷ்டஈடு மட்டுமே.

சிக்கல் இங்கேதான். ஹையர் பர்ச்சேஸில் கடைசித் தவணை வரை வண்டி ஃபைனான்ஸ் நிறுவனத்துடையது. விற்றவரிடம் விற்க எதுவுமில்லை. இன்றைய பெரும்பாலான லாரிக் கடன்கள் ஹைப்போதிகேஷன் வகை. அதில் உரிமையாளர் கடன் வாங்கியவர்தான், வண்டி அடமானம் மட்டுமே. அதனால் 'மறுபயன் பொய்த்தது' என்ற வாதம் பலவீனமாகிறது. நஷ்டத்தைக் கணக்குப்போட்டு நிரூபிக்கும் பாடு வாங்கியவர் தலையில் விழுகிறது.

இன்னொரு கண்ணி, பிரிவு 14-லேயே இருக்கிறது. கடன் விஷயம் வாங்குபவருக்கு முன்பே தெரிந்திருந்தால் அந்த உறுதிமொழி செல்லாது. ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பெயர் அச்சாகியிருக்கும்போது "எனக்குத் தெரியாதுங்க" என்பது எவ்வளவு தூரம் எடுபடும்? 'ரன்னிங் டியூ' பேசி, விற்றவர் பெயரிலேயே தவணை கட்டி ஓட்டுபவர்கள் நிலைமை இன்னும் மோசம். அவர்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால்தான் பிடிமானம். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 51-ன்படி, ஃபைனான்ஸ் நிறுவனத்தின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் பெயர் மாற்றமும் நடக்காது.

அதனால் வாய் வார்த்தையை நம்பாமல், என்.ஓ.சி.யும் படிவம் 35-ம் கைக்கு வரும்வரை விலையில் ஒரு பகுதியை நிறுத்திவைப்பது நல்லது. புரோக்கர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

ஃபைனான்ஸ் தரப்புக்கும் வரம்பு உண்டு. அடியாட்களை வைத்து வண்டியைப் பறிக்கக் கூடாது என்று ஐசிஐசிஐ வங்கி - பிரகாஷ் கவுர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2007-லேயே கண்டித்தது.

பட்டறையில் ரிப்பேர் கூலிக்காக வண்டியை நிறுத்திவைப்பது வேறு கதை. ஒப்பந்தச் சட்டம் பிரிவு 170 தரும் அந்த உரிமை, வண்டி பட்டறையை விட்டு வெளியே போனதும் பொதுவாக முடிந்துவிடும். ஃபைனான்ஸின் உரிமை அப்படியல்ல. வண்டி எத்தனை கை மாறினாலும் கூடவே போகும்.

பணத்தைக் கேட்டு வழக்குப் போட, மறுபயன் பொய்த்த நாளிலிருந்து 3 ஆண்டு அவகாசம்.