கேள்விக்குறிகளை அனுப்பியது போதும்!

கட்டற்ற மென்பொருள் ஒன்று கிராஷ் ஆனால் நம்மில் பலர் என்ன செய்கிறோம்? திட்டிக்கொண்டே மறுபடி திறக்கிறோம். அது விட்டுச்சென்ற நினைவகப் பதிவு (கோர் டம்ப்) எங்கோ கிடந்து, சில நாளில் தானாக அழிகிறது. பிழை மட்டும் அழிவதில்லை.

புகார் அனுப்புகிறவர்கள் தேவலை. ஆனால் அனுப்பியதைத் திறந்து பாருங்கள்: வரிக்கு வரி ஒரு ஹெக்ஸ் முகவரி, பக்கத்தில் இரண்டு கேள்விக்குறி. எந்த ஃபங்ஷன், எந்தக் கோப்பு, எத்தனையாவது வரி, ஒன்றும் தெரியாது. பொதியின் அளவைக் குறைக்க, பெயரும் வரி எண்ணும் சொல்லும் டீபக் சிம்பல்களைக் கழற்றிவிட்டுத்தானே நமக்குத் தருகிறார்கள்! பராமரிப்பவர் கூடுதல் விவரம் கேட்பார், பதில் போகாது, புகார் மூடப்படும். வேலை முடிந்து வந்து, சம்பளமில்லாமல் ராத்திரியில் உட்காருகிறவரை எப்படிக் குறை சொல்வது?

இனி சாக்கு சொல்ல முடியாது. எல்ஃப்யூட்டில்ஸ் திட்டம் 2019-லேயே டீபக்இன்ஃபோடி-யைத் தந்துவிட்டது. பிழைதேடும் கருவியான ஜிடிபி கேட்ட மாத்திரத்தில், நிரலின் பில்ட் ஐடியைப் பார்த்து, வேண்டிய சிம்பல்களை மட்டும் இறக்கிக் கொடுக்கும். ஃபெடோரா 35-இலிருந்து அது இயல்பாகவே இயங்குகிறது. டெபியனுக்கும் ஆர்ச்சுக்கும் சேவையகங்கள் உண்டு. சிஸ்டம்டி-கோர்டம்ப் இயங்கும் கணினியில் 'கோர்டம்ப்சிடிஎல் ஜிடிபி' என்று அடித்தால் கடைசியாக விழுந்த நிரல் கண்முன் நிற்கும். அங்கே 'த்ரெட் அப்ளை ஆல் பிடி' கொடுங்கள். வரும் உரையை ஒருமுறை படித்துவிட்டு அனுப்புங்கள். கோர் கோப்பை மட்டும் பொதுவில் போட்டுவிடாதீர்கள். கடவுச்சொல்லும் கடிதமும் அதற்குள் இருக்கலாம்.

நிரல் எழுதும் தோழர்களே, பாதிச் சுமை உங்களுடையது. ஃபயர்பாக்ஸ் விழுந்தால் பயனர் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். மொசில்லாவின் கிராஷ் அறிக்கை அமைப்பான சொக்கோரோ, ஒரே இடத்தில் விழுந்தவற்றை ஒன்றாகக் குவித்துவிடும். மொசில்லாவிடம் பணமிருக்கிறது என்பீர்கள். இருக்கட்டும், சொக்கோரோவின் மூலநிரல் திறந்துதானே கிடக்கிறது? கேடிஈ-யின் கிராஷ் அறிக்கைக் கருவி டாக்டர் கோன்கி, பக்ஜில்லா கணக்கு கேட்டுப் பயனரை விரட்டிய காலம் உண்டு. இன்று பயனர் சம்மதித்தால் கணக்கே இல்லாமல் சென்ட்ரி வழியாக அறிக்கை போய்ச் சேர்கிறது. உங்கள் திட்டத்தில் ஏன் முடியாது?

அடுத்த வெளியீட்டுக்குப் புது வசதி ஒன்று குறைந்தாலும் பரவாயில்லை, கிராஷ் அறிக்கைக்கு ஒரு வழி வையுங்கள். மற்றவர்களே, இன்றைக்கே டீபக்இன்ஃபோடி-யை இயக்குங்கள். உங்கள் பெயரில் 'விவரம் தேவை' என்று தொங்கும் பழைய புகாரைத் தேடியெடுத்து, பெயர்களோடும் வரி எண்களோடும் பதில் போடுங்கள்!