சேர்வர் சொல்றதை முதல்ல வாசிப்பம்

ஒரு வலைத்தளம் திறக்காமல் போனால் எங்கட வட்டாரத்தில் பொதுவா நடக்கிறது மூன்று விசயம். முதலில் சேர்வரை ரீஸ்டார்ட் பண்ணுறது. சரிவராவிட்டால், யூடியூப்பில் யாரோ சொன்ன கொமாண்டைக் கொப்பி பண்ணிப் போடுறது. கடைசியில் எல்லாத்தையும் அழிச்சுப்போட்டுப் புதுசா இன்ஸ்டோல் பண்ணுறது. இந்த மூன்றிலும் வாசிப்பு என்ற ஒன்று இல்லை. பிரச்சினையே அங்கதான் என்கிறோம் நாங்கள்.

லினக்ஸ் சேர்வர் காரணம் சொல்லாமல் படுப்பது குறைவு. உபுண்டுவில் அப்பாச்சி எழும்பாவிட்டால் 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ்', 'ஜேர்னல்சிடிஎல்' இரண்டும் என்ன நடந்தது என்று காட்டும். 'அப்பாச்சிசிடிஎல் கொன்பிக்டெஸ்ட்' என்று கேட்டால், எந்தப் பைலில் எத்தனையாவது வரியில் பிழை என்றே சொல்லும். வேர்ட்டில் இருந்து கொப்பி பண்ணின வளைந்த மேற்கோள்குறி ஒன்று போதும், சேர்வர் எழும்பாது. அந்த ஒரு எழுத்தைத் திருத்தினால் முடியிற வேலைக்குத்தான் முழுச் சேர்வரையும் அழிக்கிறம்.

அழிச்சும் தீராத பிரச்சினைகள் இருக்கு. 80ஆம் போர்ட்டை என்ஜின்எக்ஸ் ஏற்கனவே பிடிச்சு வைத்திருந்தால், அப்பாச்சியைப் பத்துத் தரம் இன்ஸ்டோல் பண்ணினாலும் 'அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்' என்றுதான் வரும். டிஸ்க் நிரம்பியிருந்தால் இடம் ஒதுக்கும் வரைக்கும் எதுவும் அசையாது. 403 வந்தால் உடனே 777 அனுமதி குடுக்கிறது இன்னொரு கெட்ட பழக்கம். வீட்டுத் திறப்புத் துலைஞ்சதுக்காகக் கதவைக் கழற்றி வைக்கிற மாதிரி, யாரும் வந்து எழுதலாம் என்று விடுற வேலை அது.

பிழை நடந்த நேரமும் அது தெரிய வாற நேரமும் ஒன்றில்லை என்பதும் முக்கியம். ஓடிக்கொண்டிருக்கிற சேர்வர் பழைய கொன்பிக்கை நினைவில் வைத்துத்தான் ஓடும். இன்றைக்கு யாராவது பைலைக் குழப்பினாலும் தளம் வழமைபோலத் திறக்கும். ஒரு மாதம் கழிச்சுக் கரண்ட் போய் வரும்போதுதான் எழும்பாது. 2022இல் 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் இல்லாத நாட்களைப் பார்த்த எங்களுக்குக் கரண்டில் பழி போடுறது சுகம். ஆனால் பிழை ஒரு மாதத்துக்கு முதலே அங்க இருந்தது. சிலவேளை 'எனேபிள்' பண்ண மறந்திருப்பார்கள். அப்போதும் கையால் தொடங்கினால் ஓடும், கரண்ட் போய் வந்தால் தானாக எழும்பாது.

"இது ஐடிகாரரின்ர வேலை, ஆர்ட்ஸ் பெடியளுக்கு என்னத்துக்கு?" என்று கேட்பார்கள். லொக் என்பது ஒரு பிரதி. நேர வரிசையில் எழுதப்பட்ட சாட்சியம். அதில் எது எச்சரிக்கை, எது உண்மையான காரணம் என்று பிரிக்க வேணும். சேர்வரின் பெயரைத் தீர்மானிக்க ஏலாமல் இருக்கு என்று அப்பாச்சி அடிக்கடி சொல்லும். அது வெறும் எச்சரிக்கை, சேர்வரை நிப்பாட்டாது. ஆனால் பலர் அதோட மல்லுக்கட்டி, கீழே இருக்கிற உண்மையான பிழையை விட்டுவிடுவார்கள். மூலத்தை வாசிக்கிறது, சாட்சியத்தை எடைபோடுறது எல்லாம் எங்கட பீடத்தில் படிக்கிற வேலைதானே? ஆங்கிலம் தடை என்றால், 'டினைட்', 'நொட் பவுண்ட்', 'சின்டெக்ஸ் எரர்' மாதிரி அடிக்கடி வாற சொற்கள் கொஞ்சம்தான். அவற்றுக்கு ஒரு தமிழ்க் குறிப்பு எழுத ஒரு பின்னேரம் போதும்.

நாங்கள் இதை வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கு. அம்மம்மாக்களின் குரல்பதிவுகள், ஊர் வரலாறுகள், நின்றுபோன சிற்றிதழ்களின் ஸ்கேன்கள் எல்லாம் இப்படியான சின்னச் சேர்வர்களுக்குப் போய்க்கொண்டிருக்கு. பல இடங்களில் அதைப் பார்க்கிறது ஒரே ஒரு ஆள். அவர் வெளிநாடு போனால் பாஸ்வேர்டும் கூடப் போயிடும். 1981இல் எரிந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தைப் பற்றி ஒவ்வொரு வருசமும் எழுதுகிறோம். அந்த அழிப்பை ஒரு சேர்வர் கோளாறோடு ஒப்பிட ஏலாது. ஆனாலும் ஆவணத்தின் அருமையை அவ்வளவு கதைக்கிற நாங்கள், கையில் இருக்கிறதை ஒரு அவசர ரீஇன்ஸ்டோலுக்குப் பலி குடுக்கலாமா?

எனவே ஒவ்வொரு குழுவும் மூன்று விசயம் செய்யட்டும். சேர்வருக்குள் போகத் தெரிந்த ஆட்கள் குறைந்தது இரண்டு பேர் இருக்கட்டும், அதில் ஒருவர் ஐடி படிக்காதவராக இருக்கட்டும். எந்தத் திகதியில் எந்தப் பைலை மாற்றினோம் என்று ஒரு கொப்பியில் தமிழில் எழுதி வைக்கட்டும். எதையும் மாற்ற முதல் கொன்பிக்கையும் தரவையும் வேறொரு டிஸ்கில் பிரதி எடுக்கட்டும். இதுக்குக் காசு பெரிசாகத் தேவையில்லை, பட்டமும் தேவையில்லை. அடுத்த தரம் தளம் விழுந்தால், ரீஸ்டார்ட் பண்ண முதல் லொக்கின் கடைசி இருபது வரியைச் சத்தமாக வாசிச்சுப் பாருங்கோ.