அருளப்பன் பட்டிக்காட்டுப் பெயரா?

"அருளப்பன்னா பட்டிக்காடு, ஜான்னா ஸ்டைல்" என்று வகுப்பில் கிண்டலடிக்கும் மகாஜனங்களே! பி.காம். படிக்கிற சின்னாளப்பட்டிக்காரன் கேட்கிறேன், வரவு செலவு பார்ப்போமா?

எபிரேயத்தில் யோஹனான் என்றால் 'கடவுள் அருளினார்'. கிரேக்கத்துக்குப் போனதும் 'யோவான்னேஸ்'. நடுவில் 'ஹ' விழுந்தது, கடைசியில் 'ஸ்' ஒட்டியது, பொருள் தொலைந்தது. ஜான் அதன் பேரன். அருளப்பரிலோ அந்த அருள் அப்படியே இருக்கிறது!

பெயரை மொழிபெயர்க்கலாமா என்பீர்கள். யோவான் நற்செய்தி 1:42 பாருங்கள். அரமேயக் 'கேபா' கிரேக்கத்தில் 'பேதுரு' ஆகிறது. இரண்டுக்கும் பாறை என்றே பொருள்.

கத்தோலிக்கரும் மற்ற சபையாரும் சேர்ந்து 1995-இல் கொண்டுவந்த திருவிவிலியத்தில் அருளப்பர் யோவானாகிவிட்டார். ஒற்றுமைக்காக, சரி. அதற்காக அருளப்பனைப் பார்த்துச் சிரிப்பதா? சொல்லுங்க மக்களே!