சீட்டும் வினாவும்

டாரோ என்னும் 78 சித்திரச் சீட்டுக்களைப் பரப்பி வருங்காலம் உரைக்கும் வழக்கம் மேனாடுகளில் இன்றும் உளது. சீட்டு வைக்கும் ஒவ்வோர் இடத்திற்கும் ஒரு பொருள் உண்டு; அவ்விடத்து விழுந்த சீட்டை அப்பொருளோடு இயைத்து உரைப்பர். இவ்விட வரிசையைத் தாமே வகுத்துக்கொள்வாரும் பலர். இது தகுமோ என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுந்தது.

பழைய முறையை மாற்றலாகாது என்பார் சரித்திரத்தை நோக்குவாராக. 15-ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் இச்சீட்டுக்கள் தோன்றியது விளையாட்டின் பொருட்டேயாம். 1781-இல் கூர் தெ ஜெபெலென் என்னும் பிரெஞ்சு ஆசிரியர் இவை எகிப்தியரின் ஞானநூல் என்றெழுதினார். அதற்குச் சான்று கிடைத்திலது. பத்துச் சீட்டுக்கள் கொண்ட 'கெல்டியச் சிலுவை' என்னும் வரிசையும், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெயிட் என்பார் தம் நூலில் வெளியிட்ட பின்னரே எங்கும் பரவிற்று. வரிசைகள் யாவும் மனிதர் வகுத்தனவே. ஆதலின் நாமும் வகுக்கலாம்.

ஆயினும் ஒன்று உணரத்தக்கது. மேற்படிப்போ உத்தியோகமோ என மயங்கும் மாணாக்கன் ஒருவன், முதலிடம் தன் விருப்பம், இரண்டாமிடம் தன் அச்சம், மூன்றாமிடம் குடும்பத்தின் நிலை எனக் குறிக்கின்றான் என்று கொள்வோம். குறித்த அளவிலேயே அவன் மயக்கம் பாதி நீங்கிவிடும். நீக்கியது சீட்டன்று, வினாவைப் பகுத்த அவன் அறிவே. 'எனக்கு யாது நேரும்?' என ஓரிடம் வைப்பானேல் அவ்வறிவைச் சீட்டிற்கு அடிமையாக்குவான். 'யான் செய்யத்தக்கது யாது?' என வைப்பானேல் பொறுப்பு அவனிடமே நிற்கும்.

இங்ஙனம் வினாவை வகுக்கக் கற்றவன், சீட்டுக்களைக் கவிழ்த்தபடியே விட்டெழுந்தாலும் இழப்பது ஒன்றுமில்லை என்பது நம் துணிபு.